நூற்றிருபது தறியும் நின்ற வியாழன்

பூலாம்பாளையத்தில் பூவாத்தாளை ஆறு மாதமாக யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘செவப்புக்காரி’ என்றுதான் கூப்பிட்டார்கள், அதுவும் அவள் காதுபடவே. அவளும் கேட்டுவிட்டுச் சும்மா போகிற ஆள் இல்லை. கூப்பிட்டவளின் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் குடத்தை இடுப்பில் எடுத்து வைப்பாள். ஆனாலும் பேர் ஒட்டிக்கொண்டது. நல்ல சாயம் போட்ட நூல் மாதிரி, அலச அலச இன்னும் கெட்டியாகத்தான் பிடித்தது.

அந்தப் பேர் வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கார்த்திகை மாதத்து அந்த வியாழக்கிழமை பிடிபடாது.

திருச்செங்கோட்டில் அப்போது பதினெட்டூர் தர்ம ஆசுபத்திரி என்று ஒன்று இருந்தது. தனி முதலாளி கட்டினதும் இல்லை, சர்க்கார் கட்டினதும் இல்லை. பதினெட்டு ஊர்க்காரர்கள் சங்கம் வைத்துச் சேர்ந்து கட்டினது. வைத்தியத்துக்கு யாரிடமும் காசு கேட்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஊரும் தன் கையில் என்ன தொழில் இருக்கிறதோ அதைக் கொடுக்க வேண்டும். புதுச்சத்திரத்துக் குடியானவர்கள் நோயாளிகளின் கஞ்சிக்கு அரிசி அனுப்பினார்கள். செக்கு ஓடுகிற ஊர் விளக்கெண்ணெய் கொடுத்தது. குமாரபாளையத்தார் கட்டிலுக்கு விரிப்பு நெய்து அனுப்பினார்கள். பூலாம்பாளையத்தின் பங்கு கட்டுத்துணி. வெட்டுக்காயமோ, எலும்பு முறிவோ, பிரசவமோ, பதினெட்டு ஊரில் எந்த உடம்பைச் சுற்றிக் கட்டினாலும் அந்த வெள்ளைத் துணி பூலாம்பாளையத்துத் தறியில் இறங்கினதாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வீடு முறை வைத்து நெய்தார்கள். முறை வந்த வீட்டுத் தறியில் நீளவாட்டில் ஏறுகிற நூலான பாவுக்கு ‘ஆசுபத்திரிப் பாவு’ என்று பேர். அதற்குச் சூடம் காட்டாமல் யாரும் நெய்ய ஆரம்பிப்பதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் சங்கம் ஒரு மோட்டார் வேன் வாங்கிற்று. உள்ளே ஒரு கட்டில், ஒரு மருந்துப் பெட்டி, வசந்தாமணி என்கிற இளம் டாக்டரம்மா. வண்டியை ஓட்டினவன் சென்றாயன். வியாழன்தோறும் அந்த வேன் திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டுப் புதுச்சத்திரம் போகும். வழியில் பெரிய ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் சாலை, இந்தப் பக்கம் பூலாம்பாளையம். தண்ணீருக்கு மேலே பார்த்தால் அரை மைல்தான், கரையைச் சுற்றி வந்தால் இரண்டு மைல். பத்து மணி சுமாருக்கு வேன் அக்கரையில் வந்து நிற்கும். கொதித்துப்போன இன்ஜினுக்குச் சென்றாயன் ஏரியில் மூன்று வாளி தண்ணீர் மொண்டு ஊற்றுவான். அந்த நேரத்தில் பூலாம்பாளையத்துக் கரையில் சிவப்புத் துணி பறந்தால், இங்கே ஆபத்தான நிலையில் நோயாளி இருக்கிறார் என்று அர்த்தம். வண்டி கரைமேல் திரும்பும். துணி இல்லாவிட்டால் நேரே புதுச்சத்திரம். சங்கத்தில் கூடிப் பேசி, பதினெட்டு ஊருக்கும் ஒரே மாதிரியாக வைத்த ஏற்பாடு அது.

பதினேழு ஊருக்குச் சரிப்பட்டது. பூலாம்பாளையத்துக்கு எப்படிச் சரிப்படும்? பூவாத்தாள் சாயக்காரி. சிவப்புச் சேலைக்கு நூல் தோய்க்கிறவள். தோய்த்த நூலை ஏரித் தண்ணீரில் அலசி, ஏரிக்கரையில்தான் மூங்கில் கட்டி உலர்த்துவாள். அவள் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். சித்திரையில் தொடர்ந்து மூன்று வியாழக்கிழமை, அவளுடைய நூலைப் பார்த்துவிட்டு வேன் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது. டாக்டரம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்து இறங்கி, “நோயாளி எங்கே?” என்று கேட்டார். நோயாளி யாரும் இல்லை. பூவாத்தாள் சிவந்த இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது தடவை அப்படி வீணாக வந்து போன அன்று, புதுச்சத்திரத்தில் பாம்பு கடித்து ஒரு மனிதர் காத்துக் கிடந்தார். அவர் பிழைத்தது அவர் தாய் செய்த புண்ணியம். அதன் பிறகு ஒரு காலை இழுத்துத்தான் நடந்தார்.

அந்தச் சேதி வந்த அன்று பூவாத்தாள் சோறு தின்னவில்லை. ஊர் அவளை விட்டு வைக்குமா? அன்றைக்கு வைத்த பேர்தான் செவப்புக்காரி.

டாக்டரம்மா அடுத்த வாரம் முருகன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினார். வெள்ளைத் துணி கட்டலாமா என்று ஒருவர் கேட்டார். வெள்ளைப் பாவு காயாத நாள் எது? பச்சை? பச்சைச் சாயமும் பூவாத்தாள் வீட்டில்தான். “இந்த ஊர்ல எந்த நெறத்துக்கும் அர்த்தமே கெடையாதுங்க டாக்டரம்மா,” என்று சென்றாயன் தலையில் கை வைத்துக்கொண்டான். கோயில் மணி அடிக்கலாம் என்றார்கள். அது கிருத்திகைக்கும் அடிக்கும், கிரகணத்துக்கும் அடிக்கும். டிரைவர் மடியில் பஞ்சாங்கம் வைத்துக்கொண்டா வண்டி ஓட்டுவான்?

அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து பூவாத்தாள்தான் சொன்னாள். சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, எரிச்சலில் சொன்னாள். “இந்த ஊர்ல நாள் முச்சூடும் மாறாம இருக்கறது தறிச் சத்தம் ஒண்ணுதானுங்க. அது நின்னாத்தான் எவனும் திரும்பிப் பாப்பான்.”

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். அக்கரையில் நிற்கும்போது சடக் புடக் என்று நூற்றிருபது தறியும் ஏரித் தண்ணீர் மேலே வந்து காதில் விழுவதைச் சென்றாயனும் ஒப்புக்கொண்டான். அன்றைக்கே சட்டம் போட்டார்கள். யாருக்காவது உயிர் ஆபத்து என்றால் அந்த வீட்டார் சுவரில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். அடுத்த வீட்டார் உடனே தறியை நிறுத்திவிட்டுத் தம் மறுசுவரில் தட்ட வேண்டும். முதலில் நிறுத்த வேண்டும், என்ன ஏது என்று பிறகுதான் கேட்க வேண்டும். ஒரு தறி ஓடினாலும் ஓடின கணக்குத்தான். ஏனென்றால் சோற்று வேளையில் பாதித் தறி நின்றுவிடும், பாதி ஓடும். நூற்றிருபதும் அடியோடு நின்றால் மட்டுமே வேன் திரும்பும்.

“ஒருத்தர் பொய் சொல்லலாம்,” என்றார் டாக்டரம்மா. “நூத்திருபது தறி சேர்ந்து பொய் சொல்லாது.”

யோசனை பூவாத்தாளுடையது. பேர் மட்டும் மாறவில்லை. அவள் சுவரைத் தட்டினால் எவள் நம்பி நிறுத்துவாள் என்று குழாயடி இல்லாத அந்த ஊரில் கிணற்றடியில் நின்று சிரித்தார்கள்.

கார்த்திகை மாதத்து அந்த வியாழக்கிழமை விடியற்காலையில் பூவாத்தாளின் மருமகள் கமலவேணிக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். மகன் சரவணமுத்து நூல் வாங்கச் சேலம் போயிருந்தான். மருத்துவச்சி செல்லாயி வந்தாள். தெருவின் கடைசி வீட்டு நல்லம்மாளும் ஒத்தாசைக்கு வந்து, கமலவேணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பூவாத்தாளுக்கு ஒரே பரபரப்பு. வெந்நீர் வைத்தாள், வைத்ததை மறந்து இன்னொரு அடுப்பில் மறுபடி வைத்தாள். வேலமரத்துத் தொட்டில் கம்பை மூன்று தரம் துடைத்தாள். புருசனைப் பறிகொடுத்து, ஒற்றை மகனை வளர்த்து, பத்து வருஷமாகச் சாயத் தொட்டியோடு மல்லுக்கட்டின பொம்பளைக்கு முதல் பேரப்பிள்ளை என்றால் சும்மாவா?

“பொறு தாயி, இன்னஞ் செத்த நேரம்,” என்று செல்லாயி சொல்லிக்கொண்டே இருந்தாள். பனிக்குடம் உடைந்தது. செல்லாயி குனிந்து பார்த்தாள். பேச்சு நின்றதும் பூவாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

முதலில் வந்தது தலை இல்லை. ஒரு கை. சின்னஞ்சிறு கை, ஐந்து விரலையும் மூடிக்கொண்டு.

செல்லாயி நாற்பது வருஷம் பிள்ளை எடுத்தவள். அவள் முகம் சுண்டிப்போயிற்று. “இது என்ற கைக்கு அடங்காது அம்மிணி. பிள்ளை குறுக்கால கெடக்குது. உள்ள கையை விட்டுத் திருப்போணும். டாக்டரம்மா வந்தா ரெண்டு உசுரு. வராட்டி...” என்று நிறுத்திக்கொண்டாள்.

பூவாத்தாள் புறவாசலுக்கு ஓடினாள். ஏரிக்கு அக்கரையில் புழுதி பறந்தது. அவள் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே வேன் வந்து நின்றது. நூல் இழையில் முடிச்சுத் தேடிப் பழகின கண் அவளுக்கு. அரை மைலுக்கு அப்பால் சென்றாயன் வாளியோடு கரையிறங்குவது தெளிவாகத் தெரிந்தது. கரையைச் சுற்றி ஓடினால் அரைமணி. அவன் மூன்று வாளி ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

உள்ளே ஓடி வந்து சுவரில் தட்டினாள். மூன்று தட்டு. உள்ளங்கை எரிய எரியத் தட்டினாள்.

தட்டிவிட்டு நின்றாள் பாருங்கள், அந்த ஒரு நொடி அவளுக்கு ஒரு யுகம். சுவருக்கு அந்தப் பக்கம் கந்தம்மாள் வீட்டுத் தறி சடக் புடக் என்று ஓடிக்கொண்டே இருந்தது. செவப்புக்காரி தட்டுகிறாள் என்று சிரிக்கிறார்களா? இன்னொரு தரம் ஏமாற எங்களுக்கு என்ன கிறுக்கா என்று உட்கார்ந்திருக்கிறார்களா? “முருகா, என்ற பேர் எக்கேடு கெட்டுப் போகட்டும், அந்தப் பிள்ளைக்காகவாவது நிறுத்தச் சொல்லு,” என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

தறி நின்றது. உடனே கந்தம்மாளின் மறுசுவரில் டொம் டொம் டொம் என்று சத்தம் கேட்டது.

அதன் பிறகு நடந்ததை அவள் தெருவில் நின்று காதாலேயே பார்த்தாள். ஒரு வீடு நின்றது, அடுத்த வீடு நின்றது, எதிர் வரிசைச் சிறகு வீடுகளில் தட்டு விழுந்தது, அங்கேயும் ஒவ்வொன்றாக நின்றது. மழை விட்டுக்கொண்டே போகிற மாதிரி தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சத்தம் ஓய்ந்துகொண்டே போயிற்று. யாரும் வந்து கேட்கவில்லை. நெசமா என்று ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. தட்டினார்கள், நிறுத்தினார்கள், அவ்வளவுதான். இத்தனை பேரையும் நேற்றுவரை வாய்க்கு வந்தபடி வைதிருக்கிறோமே என்று பூவாத்தாளுக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் அந்த ஒரு சத்தம் தனியாகக் கேட்டது. சடக் புடக். சடக் புடக்.

கைலாசத்தின் தறி. நல்லம்மாளின் புருசன். அவர் வீடு தெருவின் கடைசியில், ஏரியை ஒட்டி, இடையில் ஒரு சந்து விட்டுத் தனியாக நிற்கிறது. சுவர்த் தட்டு அங்கே போகாது. போனாலும் பிரயோசனம் இல்லை. நாற்பது வருஷம் தறிக்குழியில் உட்கார்ந்து காது அடைத்துப்போன மனிதர் அவர். எப்போதும் நல்லம்மாள்தான் தெருச் சத்தம் ஓய்வதைக் கேட்டு அவர் தோளைத் தொட்டு நிறுத்துவாள். அந்த நல்லம்மாள் இப்போது கமலவேணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

போதாக்குறைக்குக் கைலாசத்துக்கும் பூவாத்தாளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போன ஆடிக்காற்றில் அவளுடைய ஈர நூல் பறந்து போய் அவர் வாசலில் காய்ந்த வெள்ளைப் பாவில் விழுந்து, இரண்டு முழம் ரோசாப்பூ நிறமாகிவிட்டது. அன்றைக்குப் பேசின பேச்சு இரண்டு பேருக்கும் இன்னும் காதில் இருக்கிறது.

அதையெல்லாம் நினைக்க ஏது நேரம்? சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடினாள். நாற்பத்தெட்டு வயசில் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. சந்தைத் தாண்டும்போது ஏரியைப் பார்த்தாள். சென்றாயன் இரண்டாவது வாளியை ஊற்றிக்கொண்டிருந்தான்.

கைலாசம் குழியில் உட்கார்ந்து, வலது கையால் கயிற்றைச் சுண்டிச் சுண்டி, குறுக்கு நூலைச் சுமக்கிற நாடாக் கட்டையை ஓட்டிக்கொண்டிருந்தார். இழையை நெருக்குகிற அச்சுப் பலகை முன்னும் பின்னும் போய் வந்தது. தறியில் தும்பைப்பூ மாதிரி வெள்ளைத் துணி.

“ஏனுங்ணா, தறியை நிறுத்துங்க,” என்று கத்தினாள்.

ஆள் நிழல் பட்டு அவர் தலையைத் திருப்பினார். கை நிற்கவில்லை. “நல்லம்மா உன்ற ஊட்டுலதான் இருக்கறா. இங்க எதுக்கு வந்தே?”

பூவாத்தாள் சுவரில் போய் மூன்று தட்டுத் தட்டிக் காட்டினாள். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் முடியாது என்று தலையை ஆட்டினார். “அது ஊர்த் தறிக்குப் போட்ட சட்டம். இது ஆசுபத்திரிப் பாவு. இன்னிக்குச் சாயங்காலம் புதுச்சத்திரத்துலேருந்து வர்ற வண்டியில ஏத்தறேன்னு சூடங்காட்டிச் சொல்லியிருக்கறன். இன்னம் மூணு முழம் பாக்கி. இத நிறுத்தறதுக்கு எனக்கு அதிகாரமில்ல.”

நல்ல மனுசன்தான். பதினெட்டு ஊர்க் காயத்துக்கும் கட்டுகிற துணி, அதைப் பாதியில் நிறுத்துவது மகாபாவம் என்று மனசார நம்பினார். அந்த வண்டி அந்தத் துணி நெய்கிற சத்தத்தாலேயே திரும்பாமல் போய்விடும் என்பது மட்டும் அவர் புத்தியில் ஏறவில்லை. ஊருக்கெல்லாம் கட்டுத்துணி நெய்கிறவர், சொந்த ஊரில் ஓர் உயிர் போவதற்கு மிதிகட்டையை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் அழுதாள். வயிற்றைக் காட்டினாள், தொட்டில் ஆட்டிக் காட்டினாள், ஏரிப் பக்கம் கையை நீட்டினாள். அவர் துணியைப் பார்த்தே நெய்தார். சன்னல் வழியே தெரிந்தது: மூன்றாவது வாளியையும் ஊற்றிவிட்டுச் சென்றாயன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

பூவாத்தாள் தறிக்குப் பக்கத்தில் போய், பிரிந்திருந்த இழைகளுக்கு நடுவே, நாடா ஓடுகிற பாதையில், தன் வலது கையை நீட்டி வைத்தாள்.

“கையை எடு, செவப்பு ஒட்டிக்கும்,” என்று கைலாசம் சொல்லி முடிக்கவில்லை. சுண்டின நாடா சுண்டினதுதான். இரும்பு மூக்கு அவள் உள்ளங்கையில் பாய்ந்தது. பின்னாலேயே அச்சுப் பலகை வந்து விரல்கள்மேல் மோதிற்று.

தறி நின்றது.

பூவாத்தாளுக்கு வலி தெரியவில்லை. அந்த ஊரில் பிறந்து வாக்கப்பட்டு வாழ்ந்தவள், அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதே இல்லை. ஏரியில் அலை கரையைத் தொடுவது கேட்டது. எங்கேயோ ஒரு மீன்கொத்தி கத்திற்று. கையைத் தறியிலிருந்து எடுக்காமலே கழுத்தை நீட்டி அக்கரையைப் பார்த்தாள்.

சென்றாயன் வண்டிக் கதவில் ஏறப்போனவன், ஒரு காலைக் கீழே வைத்தபடி நின்றுவிட்டான். தலையைச் சாய்த்தான். தொப்பியைக் கழற்றினான். பிறகு ஓட்டமாக ஓடி முன்னால் போய்க் கைப்பிடி போட்டு இன்ஜினைச் சுற்றினான். வேன் உறுமிக்கொண்டு புறப்பட்டது. நேரே போயிற்று. இன்னும் நேரே போயிற்று. ஆலமரத்தடிக்கு வந்ததும் மூக்கைத் திருப்பிக்கொண்டு ஏரிக்கரைமேல் ஏறிற்று.

“திரும்பிருச்சு,” என்றாள் பூவாத்தாள். “திரும்பிருச்சுங்ணா, வண்டி திரும்பிருச்சு.” அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கைலாசம் துணியின்மேல் சொட்டுகிற ரத்தத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு குழியிலேயே உட்கார்ந்திருந்தார்.

வேன் தெருவுக்குள் நுழைந்தபோது இரண்டு சிறகிலும் ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். வண்டிக்காரர்களை யாரும் வழி கேட்க வைக்கவில்லை. இருநூறு கை ஒரே வீட்டைக் காட்டிற்று. டாக்டரம்மா இறங்கி வரும்போதே பூவாத்தாளின் முந்தானையில் நனைந்திருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டார். “என்ன கை அது, காட்டுங்க.”

“எனக்கொண்ணுமில்லீங்க. உள்ள ஒரு கை வந்து நிக்குது, அதப் பாருங்க,” என்று பூவாத்தாள் அவரை இடதுகையால் உள்ளே தள்ளினாள்.

கதவு சாத்தியாயிற்று. மயக்க மருந்து வாடை வந்தது. வெளியே தெரு முழுக்க நின்றது. யாரும் தறிக்குத் திரும்பிப் போகவில்லை. போகலாம், சட்டப்படி வண்டி வந்துவிட்டால் நெய்யலாம். ஆனால் எவருக்கும் கால் வரவில்லை. கந்தம்மாள் மட்டும் பூவாத்தாளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் முந்தானையை இறுக்கிச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். கமலவேணியின் முனகல் ஒருதரம் கேட்டது. அதுவும் ஓய்ந்தது. அடுப்பில் இரண்டாவது வெந்நீரும் வற்றிப்போயிருக்கும்.

அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. முதலில் பூனைக்குட்டி மாதிரி ஒரு கீச்சல். பிறகு நன்றாகத் தொண்டையைத் திறந்து, வீறிட்ட அழுகை.

அந்தத் தெருவில் எத்தனையோ பிள்ளை பிறந்திருக்கிறது. எந்தப் பிள்ளையின் முதல் அழுகையும் அதுவரை பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டதில்லை. தறிச் சத்தத்தில் எது கேட்கும்? இந்தப் பிள்ளையின் குரல் மட்டும் நூற்றிருபது வீட்டு வாசலுக்கும் கேட்டது. தெருக்கோடியில் நின்றவர்கள்கூடக் கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கந்தம்மாள் சேலையால் கண்ணைத் துடைத்தாள்.

நல்லம்மாள் கதவைத் திறந்தாள். “பொட்டப்புள்ள. ரெண்டு பேரும் சொகம்.”

டாக்டரம்மா வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தார். “இப்ப அந்தக் கையைக் காட்டுங்க,” என்று வாசல்படியிலேயே உட்கார்ந்து, காயத்தைக் கழுவி, மருந்துப் பஞ்சை வைத்து அழுத்தினார். பெட்டிக்குள் கை விட்டார். கட்டுத்துணி பூராவும் உள்ளே செலவழிந்துவிட்டது. “இன்னிக்குப் புதுத் துணி ஏத்தறதா இருந்ததே, எங்க?”

கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த கைலாசத்துக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்திருக்காது. ஆனால் காலிப் பெட்டியும் பூவாத்தாளின் கையும் தெரிந்தன. விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது தோளில் வெள்ளைத் துணி கிடந்தது. அதன் நுனியைப் பார்த்ததும் தெருவே விலகி வழி விட்டது. நுனி முடிந்திருக்கவில்லை. அறுபட்ட இழைகள் முழ நீளத்துக்குத் தொங்கின. பாவு ஓடுகிற தறியில், மூன்று முழம் பாக்கி இருக்கும்போது, கைலாசம் துணியை அறுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஓட்டத்தை நிறுத்தவே அதிகாரம் இல்லை என்ற மனிதர்.

டாக்டரம்மா கறை படாத பக்கமாகக் கிழித்துப் பஞ்சின்மேல் சுற்றினார். நாலாவது சுற்றிலும் உள்ளேயிருந்து சிவப்பு ஊறி வந்தது. சென்றாயன் குனிந்து பார்த்தான். “மூணு வாட்டி என்னைய ஏமாத்துனீங்க அம்மிணி. இன்னிக்குத்தான் அசல் செவப்பைப் பாக்கறேன்,” என்றான். பூவாத்தாளும் சிரித்துவிட்டாள்.

வேன் புதுச்சத்திரத்துக்குப் புறப்பட்டதும் தெருவில் ஒவ்வொரு தறியாக ஓட ஆரம்பித்தது. கைலாசம் மட்டும் போகாமல் நின்றார். காது கேளாதவர் பேச்சு எப்போதும் ஊருக்கே கேட்கிற பேச்சுதானே.

“பூவாத்தா,” என்று கூப்பிட்டார்.

ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் பேர் தெருவில் கேட்டது. ஒரு கணம் யாரையோ கூப்பிடுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

“சொல்லுங்ணா.”

“அறுத்த பாவு உருவிக்கிட்டுக் கெடக்குது. இழை இழையா எடுத்துப் பிணைக்கோணும். கை ஆறுனதும் நீதான் வந்து பிணைச்சுக் குடுக்கோணும். வேற யாரையும் தொட உடமாட்டன்.”

அவள் கட்டுப் போட்ட கையைத் தூக்கி, ஆகட்டும் என்று காட்டினாள்.

“அதுவரைக்கும் என்ற தறி நிக்கும்,” என்றார் அவர். இரண்டடி போய்த் திரும்பி வந்து, அவள் காதோரம் குனிந்து, ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: “நானோ காது கேளாதவன். இனி யாராச்சும் சுவத்தத் தட்டுனா, நீயே ஓடியாந்து என்ற தோளத் தொடு. கைய மட்டும் உள்ள உடாத.”

உள்ளே பேத்தி மறுபடி அழுதது. இந்தத் தடவை தறிச் சத்தத்தில் அது பூவாத்தாளுக்கு மட்டும்தான் கேட்டது.